யோபு சொன்னதை நான் சொல்லலாமா?

வானொலி மறையுரை
ஆண்டின் பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு (மூன்றாம் ஆண்டு) – இறைவார்த்தை ஞாயிறு
வாசகங்கள்: நெகே 8:2-4, 5-6, 8-10, 1 கொரி 12:12-30, லூக் 1:1-4, 4:14-21



இன்று இறைவார்த்தை ஞாயிறு. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், புனித எரோணிமுவின் நினைவு நாளில், பொதுக்காலத்தின் 3ஆம் ஞாயிறை இறைவார்த்தைக்கென்று ஒதுக்கினார் திருத்தந்தை பிரான்சிஸ். அதனால் இன்று பல பங்குகளில் திருவிவிலியத்தை மலர் சூட்டிப் பவனியாக எடுத்து வருவார்கள். தூபம் காட்டுவார்கள். நற்செய்தி வாசிக்கும்போது எழுந்து நிற்போம். நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வோம். இவையெல்லாம் அழகான, பொருள் நிறைந்த வழக்கங்கள்.

ஆனால் தூபப் புகை அடங்கிய பிறகு, அந்த வார்த்தையை நாம் என்ன செய்கிறோம்? யாரிடம், எப்போது, எப்படிச் சொல்கிறோம்? இன்று உங்களோடு சேர்ந்து இதைத்தான் சிந்திக்க விரும்புகிறேன். முதலில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட முதல் ஆண்டு. கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒரு மார்கழி மாதம், கடலுக்குப் போன இளைஞர் ஒருவர் கரை திரும்பவில்லை. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அந்தத் தாய்க்கு ஒரே மகன். செய்தி கேட்டதும் ஓடினேன். குருமடத்தில் படித்த விவிலியப் பாடமெல்லாம் மனதில் பசுமையாக இருந்த காலம். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றம் வேறு. அழக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்திருந்த அந்த அம்மாவின் அருகில் உட்கார்ந்து, பிள்ளைகளை இழந்தபோது யோபு சொன்ன அந்த வார்த்தைகளைச் சொன்னேன். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று பொருள்படும் வார்த்தைகள். உங்கள் அனைவருக்கும் தெரியும்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "சாமி, அது யோபு சொன்னது. பிள்ளைகளப் பறிகொடுத்தவரு சொன்னாரு. நீங்க அத எனக்குச் சொல்லாதீங்க" என்றார்.

அன்று நான் சொன்ன வசனத்தில் பிழை ஒன்றும் இல்லை. அதிகாரமும் சரி, வசன எண்ணும் சரி. ஆனாலும் நான் இறைவார்த்தையை மரியாதையோடு கையாளவில்லை. அது புரிய எனக்குச் சில நாள்கள் ஆயின.

இன்றைய முதல் வாசகத்துக்கு வருவோம். பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமில் கூடியிருக்கிறார்கள். ஏழாம் மாதத்தின் முதல் நாள். இடம், தண்ணீர் வாயிலுக்கு முன்னிருந்த வெளி. கோவிலுக்குள் அல்ல, ஊர் மக்கள் எல்லாரும் வந்து நிற்கக்கூடிய பொது இடம். ஆண்கள், பெண்கள், கேட்டுப் புரிந்துகொள்ளும் வயதுடைய அனைவரும் அங்கே இருக்கிறார்கள். திருச்சட்ட நூலைக் கொண்டு வரும்படி எஸ்ராவைக் கேட்டவர்கள் யார்? மக்களே கேட்டார்கள். நெகேமியா 8ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் அது இருக்கிறது. திருப்பலி வாசகம் இரண்டாம் வசனத்தில் தொடங்குவதால் நம் காதில் விழுவதில்லை. வீட்டுக்குப் போனதும் எடுத்து வாசித்துப் பாருங்கள். பசித்தவர்கள் கேட்டார்கள், எஸ்ரா கொண்டு வந்தார்.

அதற்கென்றே செய்த மரமேடையில் எஸ்ரா நிற்கிறார். நூலைத் திறந்ததும் மக்கள் எழுந்து நிற்கிறார்கள். காலையிலிருந்து நண்பகல் வரை வாசிப்பு நடக்கிறது. லேவியர் 13 பேரின் பெயர்கள் அங்கே சொல்லப்பட்டுள்ளன. அவர்களும் மற்ற லேவியரும் வாசித்ததை மக்களுக்கு விளக்குகிறார்கள். ஏன் விளக்க வேண்டும்? மக்களின் பேச்சு மொழி மாறிக்கொண்டிருந்த காலம் அது. யூதா நாட்டு மொழியே பேசத் தெரியாத பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்ததாக இதே நூலின் 13ஆம் அதிகாரம் வருத்தத்தோடு குறிப்பிடுகிறது. 'புனித நூல், புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன' என்று எஸ்ரா விட்டுவிடவில்லை. தெளிவாக வாசித்து, பொருள் சொல்லி, மக்கள் புரிந்துகொள்ளும்வரை உடன் நின்றார்கள். மக்கள் முகங்குப்புற விழுந்து வணங்கியது மரியாதை என்றால், லேவியர் பொறுமையாகப் பொருள் சொன்னதும் அதே மரியாதைதான்.

அன்பார்ந்தவர்களே, 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரிஜன் என்ற மறைநூல் அறிஞர், விடுதலைப் பயண நூலைப் பற்றிய மறையுரை ஒன்றில் தம் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆண்டவரின் திருவுடலைப் பெறும்போது, அதில் ஒரு துகள்கூடக் கீழே விழாதபடி எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள். அவருடைய வார்த்தையைத் தவறவிடுவது மட்டும் எப்படிச் சிறிய குற்றமாகும் என்பதே அவர் கேட்டதன் சாரம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட 'இறை வெளிப்பாடு' என்ற ஏடும், ஆண்டவரின் திருவுடலுக்குச் செலுத்தும் வணக்கத்தைப் போலவே திருநூல்களுக்கும் திருஅவை என்றும் வணக்கம் செலுத்தி வந்துள்ளது என்று 21ஆம் பத்தியில் கற்பிக்கிறது.

துகள் கீழே விழாமல் பார்த்துக்கொள்கிறோம். வார்த்தை எங்கெல்லாம் கீழே விழுகிறது? மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வாசக மேடை. திருப்பலி தொடங்கிய பிறகு, 'இன்னைக்கு யார் வாசிக்கிறது?' என்று பீடத்துக்கு அருகில் நின்று தேடுகிறோம். கண்ணில் பட்ட ஒருவரை அனுப்புகிறோம். அவர் அந்தப் பகுதியை முதன்முதலாகப் பார்ப்பதே ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கும்போதுதான். பெயர்கள் தடுமாறுகின்றன. கேள்வி வாக்கியம் செய்தி வாக்கியமாகிவிடுகிறது. முடிந்ததும் எல்லாரும் நன்றி சொல்லி அமர்கிறோம். எதற்கு நன்றி சொன்னோம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. வாசகர்களே, உங்களைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லாதது பங்குத்தந்தையரான எங்கள் குறை. ஆனால் சனிக்கிழமை மாலையாவது அந்தப் பகுதியை வீட்டில் சத்தமாக மூன்று முறை வாசித்துவிட்டு வாருங்கள். காது மந்தமான பாட்டி ஒருவர் கடைசி பெஞ்சில் இருக்கிறார். அவர் அந்த வாரம் கேட்கப்போகும் இறைவார்த்தை உங்கள் குரலில்தான் இருக்கிறது.

இரண்டாவது, எங்களைப் போன்றவர்களின் மறையுரை. திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில் மறையுரைக்காகவும் அதைத் தயாரிப்பதற்காகவும் 25 பத்திகளை ஒதுக்கியுள்ளார். 2024 ஜூன் 12ஆம் நாள் புதன் மறைக்கல்வி உரையில், மறையுரை 8 நிமிடங்களுக்கு மேல் போக வேண்டாம் என்றே குருக்களைக் கேட்டுக்கொண்டார். கோவிலில் சிரிப்பு எழுப்பும் செய்திதான். ஆனால் நீளம் மட்டும் நம் சிக்கல் அல்ல. பங்குப் பேரவைக் கூட்டத்தில் என்னை எதிர்த்துப் பேசியவருக்குப் பதிலை ஞாயிறு மறையுரையில் சொல்லியிருக்கிறேன். அவர் எழுந்து பதில் பேச முடியாத இடம் அது என்று எனக்குத் தெரியும். திருப்பணிக்கு நன்கொடை வேண்டியிருந்தபோது, நன்கொடை என்ற சொல்லே இல்லாத நற்செய்திப் பகுதியிலிருந்தும் நன்கொடையைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஆண்டவர் பேச வேண்டிய நேரத்தை என் கோபத்துக்கும் என் தேவைக்கும் எடுத்துக்கொண்டேன். அது மரியாதைக் குறைவு.

மூன்றாவது, நம் வீடுகள். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கொலோசையர் மடலின் 3:20 பல அப்பாக்களுக்கு மனப்பாடம். பிள்ளைகளை எரிச்சலூட்டி மனம் தளரச் செய்யக் கூடாது என்று தந்தையரை எச்சரிக்கும் 3:21 எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மனைவி பணிந்திருக்க வேண்டும் என்ற எபேசியர் 5:22ஐ எடுத்துக் காட்டும் கணவர், தன் உயிரையே கொடுத்து மனைவியை அன்பு செய்ய வேண்டும் என்ற 5:25வரை வாசிப்பதில்லை. மற்றவருக்கு உரிய வசனத்தை நாம் எடுத்துக்கொண்டு, நமக்கு உரியதை மூடி வைத்துவிடுகிறோம். வசனத்தை இப்படி எடுத்துப் பயன்படுத்துவது யாருடைய வழக்கம் தெரியுமா? பாலைநிலத்தில் அலகை இயேசுவிடம் எடுத்துக் காட்டியது 91ஆம் திருப்பாடலை. வசனத்தில் பிழை இல்லை. சொன்னவனின் நோக்கத்தில்தான் பிழை.

இப்போது இன்றைய நற்செய்தியைப் பாருங்கள். நாசரேத்துத் தொழுகைக்கூடம். இயேசு வாசிக்க எழுகிறார். எசாயாவின் சுருளேட்டை அவரிடம் கொடுக்கிறார்கள். அவர் பிரித்து, இடத்தைக் கண்டு, வாசிக்கிறார்; பிறகு சுருட்டி ஏவலரிடம் கொடுத்துவிட்டு அமர்கிறார். லூக்கா எவ்வளவு நிதானமாக ஒவ்வொரு அசைவையும் எழுதுகிறார்! ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை, பார்வையற்றோருக்குப் பார்வை, ஆண்டவர் அருள்தரும் ஆண்டு. இதோடு இயேசு நிறுத்திவிடுகிறார். எசாயா 61:2ஐத் திறந்து பார்த்தால், அருள்தரும் ஆண்டை அடுத்து உடனே பழிவாங்கும் நாள் பற்றிய சொற்கள் வரும். இயேசு அவற்றை வாசிக்கவில்லை. தம் பணி எதற்காக என்று அறிந்திருந்தார்; அந்த இடத்தில் சுருளை மூடினார். தமக்கு வசதியாக இருக்கும் என்பதற்காக அல்ல. அந்த அருளின் எல்லை அந்நியர்வரை போகும் என்று அவர் சொன்னதும், ஊராரே அவரை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். அது அடுத்த ஞாயிறு நற்செய்தி. பிறகு அவர் ஆற்றிய மறையுரை, நமக்கு லூக்கா தரும் அளவில், ஒரே வாக்கியத்தில் தொடங்குகிறது: நீங்கள் கேட்ட இந்த மறைநூல் வாக்கு இன்று நிறைவேறிற்று என்கிறார். வாசித்ததையே வாழ்ந்து காட்டியவர் அவர். அதனால்தான் அவருக்கு அதிகச் சொற்கள் தேவைப்படவில்லை.

'இதெல்லாம் குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியது, நாங்கள் யாருக்குப் போதிக்கப்போகிறோம்?' என்று சிலர் நினைக்கலாம். இம்மாதம் 14ஆம் நாள் நாம் நினைவுகூர்ந்த நம் மண்ணின் மறைச்சாட்சி, புனித தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டன் அவர். கால்நடைகளும் பயிரும் அழிந்து, அடுத்தடுத்து இழப்புகளால் மனமுடைந்திருந்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அப்போது அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் குருவும் அல்ல, உபதேசியாரும் அல்ல, ஒரு படைத்தலைவர். பெயர் டிலனாய். டச்சுக்காரர்களுக்காகப் போரிட்டு, 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்று, மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர்.

எண்ணிப் பாருங்கள். டிலனாயும் எல்லாவற்றையும் இழந்தவர். சொந்த நாடு, பதவி, விடுதலை எல்லாம் போய், அந்நிய மண்ணில் கைதியாக நின்றவர். அவர் யோபுவைப் பற்றிப் பேசியபோது, அது புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த வசனமாக மட்டும் இருந்திருக்காது. கேட்டவர் அதோடு நிற்கவில்லை. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்று பெயர் பெற்றார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749இல் கைதானார், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சித்திரவதை. 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது. இதற்கெல்லாம் தொடக்கத்தில் இருந்தது, துன்பத்தை அறிந்த ஒரு மனிதர் துன்பத்தில் இருந்த இன்னொரு மனிதருக்கு நேரம் பார்த்துச் சொன்ன விவிலியக் கதை.

நானும் யோபுவைத்தான் சொன்னேன். டிலனாயும் யோபுவைத்தான் சொன்னார். வேறுபாடு எங்கே இருக்கிறது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். யோபுவின் நண்பர்கள் எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் ஏழு நாள்கள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்த பிறகு, கடவுளுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டு யோபுவைக் குத்திக் குதறினார்கள். முடிவில் ஆண்டவர் என்ன சொன்னார்? என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினான் என்று அவர்கள்மேல் சினம் கொண்டார். பக்தியாகப் பேசியவர்களைவிட, அழுது புலம்பிக் கேள்வி கேட்டவனையே ஆண்டவர் ஏற்றுக்கொண்டார்.

அந்தக் கடற்கரை வீட்டின் கதையை முடிக்காமல் விட்டேன். அந்த ஊர் உபதேசியார் எழுபதைத் தாண்டிய பெரியவர். அடக்கம் முடிந்த நாளிலிருந்து மாலைதோறும் அந்த வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்காருவார். துணிப்பையில் அவருடைய பழைய விவிலியம் இருக்கும். எடுக்கவே மாட்டார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "வாரேம்மா" என்று எழுந்து போவார். எனக்குக்கூட, 'இவர் ஏன் ஒரு செபமாவது சொல்லக் கூடாது' என்று தோன்றியது.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு முந்தைய மாலை நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மாவே கேட்டார்: "உபதேசியாரே, எதையாவது வாசிங்களேன்." அவர் பையிலிருந்து நூலை எடுத்தார். நெற்றியில் வைத்து வணங்கினார். யோபு நூலைத்தான் திறந்தார். ஆனால் நான் சொன்ன முதல் அதிகாரத்தை அல்ல, மூன்றாம் அதிகாரத்தை. தான் பிறந்த நாளையே யோபு சபிக்கும் பகுதி. அவசரமே இல்லாமல் வாசித்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பாதி வாசிக்கும்போதே அந்த அம்மா அழத் தொடங்கினார். அடக்கத்தன்றுகூட அழாதவர். பிறகு, "இப்படியெல்லாம்கூட வேதத்துல எழுதியிருக்கா?" என்று கேட்டார். "எழுதியிருக்கும்மா. உனக்கும் சேத்துத்தான் எழுதியிருக்கு" என்றார் பெரியவர்.

குருமடத்தில் நான் கற்காத பாடத்தை அன்று திண்ணையில் கற்றேன். அந்தப் பெரியவர் நூலை மதித்தார். அதைக் கேட்கப்போகிற மனிதரையும் மதித்தார். இரண்டும் அவருக்கு வேறு வேறாக இருக்கவில்லை.

தண்ணீர் வாயில் முன்னும் மக்கள் அழுதார்கள். அப்போது நெகேமியாவும் எஸ்ராவும் லேவியரும் என்ன சொன்னார்கள்? அழ வேண்டாம், ஆண்டவரின் மகிழ்வே உங்கள் வலிமை என்று தேற்றினார்கள். அதோடு விடவில்லை. போய் நல்ல உணவு உண்ணுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் அனுப்பி வையுங்கள் என்றார்கள். காலையிலிருந்து நண்பகல்வரை கேட்ட இறைவார்த்தை, மாலையில் அடுத்த வீட்டுக்குச் சோறாகப் போய்ச் சேர்ந்தது.

எனவே இந்த வாரம் நாம் மூன்று காரியங்கள் செய்யலாம். அடுத்த ஞாயிறு வாசகங்களை இன்றே குறித்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் குடும்பமாக அமர்ந்து வாசிப்போம். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். மறைக்கல்வி ஆசிரியர்களே, பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாதபோது, 'தெரியலப்பா, சேர்ந்து தேடுவோம்' என்று சொல்லத் தயங்காதீர்கள். அதுவும் இறைவார்த்தைக்குச் செய்யும் மரியாதையே. மூன்றாவதாக, துன்பத்தில் இருக்கும் ஒருவருக்கு அலைபேசியில் வசனம் அனுப்புவதற்கு முன்னால், ஒரு முறை நேரில் போய் அவரோடு அமர்ந்திருங்கள். வசனம் பிறகு வரட்டும். அவரே கேட்பார்.

செபிப்போம். அன்புத் தந்தையே, உம் வார்த்தையை எங்கள் கைகளில் ஒப்படைத்திருக்கிறீர். அதைக் கல்லாக எடுத்து மற்றவர்மேல் எறிந்த நேரங்களுக்காக எங்களை மன்னியும். வாசிப்பவர்களின் நாவையும், கேட்பவர்களின் செவியையும், போதிப்பவர்களின் இதயத்தையும் தூய்மையாக்கும். இழப்பில் வாடும் ஒவ்வொரு தாயின் அருகிலும் நீரே முதலில் சென்று அமர்ந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.